பாதாள நாற்காலிப் படலம்

வாழ்க நஜீமா. கருஞ்சட்டகக் கண்ணாடி அணிந்த கண்ணினாள், கணினித்திரை என்னும் கடலைக் கடைந்து பிழையென்னும் நஞ்சைப் பிரித்தெடுக்கும் கையினாள், முக்காட்டு முனை நாற்காலிச் சக்கரத்தில் சிக்கினும் சினங்கொள்ளாப் பொறையினாள், பாலக்கரைச் சந்தொன்றில் பிறந்து மன்னார்புரத்து மாடிப்படிகளை நாள்தோறும் ஏறி வென்ற தாளினாள், அத்தகு நஜீமா தன் இடுப்பைக் காக்க எடுத்த பெரும்போரை இங்கே பாடப் புகுகிறோம். பாடி முடியுமட்டும் மின்வாரியம் எம்மேல் கண் வைக்காதிருப்பதாக, இன்வெர்ட்டர் இறங்காதிருப்பதாக, கேட்போர் எவரும் நடுவில் எழுந்து டீக்கடைக்குப் போகாதிருப்பாராக. அப்படிப் போவதானால் எங்களுக்கும் ஒன்று சொல்லிவிட்டுப் போகலாம், தவறில்லை.

நாற்றிசைப் பேருந்துகளும் தத்தம் ஊதுகொம்பு முழக்கித் திரும்பும் மன்னார்புரம் சந்திப்புக்கு அருகே, கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடையொன்றின் தலைமேல், இரண்டாம் மாடியில், விடியலை விற்றுப் பிழைக்கும் ஓர் அலுவலகம் உண்டு. விடியல் என்றால் வேறொன்றுமில்லை. எந்த ஊரில் எந்த நாளில் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும், எத்தனை மணிக்குச் சாயும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருளை அங்கே செய்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் பஞ்சாங்கம் அச்சடிப்பவர்கள் அதை வாங்குகிறார்கள். பள்ளிவாசல்களில் தொழுகை நேரம் காட்டும் மின்பலகைகளுக்குள் அது போய் உட்காருகிறது. மாதாகோவில் டைரி போடுகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். வழி மூன்றானாலும் சூரியன் ஒன்றுதானே.

அவ்வலுவலகத்தில் பேர்பெற்ற ஆசனங்கள் இரண்டு. ஒன்று கோபுரம். முதுகை முழுதும் அணைத்து, தலைக்குத் தனித்திண்டு தாங்கி, முழங்கைக்கு மெத்தை விரித்து, ஏசிக் காற்று நேரே நெற்றியில் வந்திறங்கும் நல்லிடத்தில் வீற்றிருக்கும் உயர்முதுகு நாற்காலி அது. மற்றொன்று பாதாளம். அதன் அடித்தண்டில் அடைத்திருந்த காற்று என்றோ உயிர்நீத்தது. காலையில் நெம்புகோலை இழுத்து உயர்த்திக்கொண்டு உட்கார்ந்தால், உட்கார்ந்தவருக்கே தெரியாமல் அது மெல்ல மெல்ல இறங்கும். பதினொரு மணிக்கு மேசை விளிம்பு மார்புக்கு வரும். சாப்பாட்டு வேளைக்குத் தாடைக்கு வரும். மூன்று மணிக்கு மேல் உள்ளே வருகிறவர் கண்ணுக்கு முக்காடு ஒன்றே புலப்படும். ஆள் இல்லையென்று பார்சலைத் திருப்பி எடுத்துப்போன கூரியர்காரர்களும் உண்டு.

இவ்விரு நாற்காலிகளையும் ஆளும் சட்டம் ஒன்று அங்கே இருந்தது. திட்டத் தலைவியும், தீர்ப்பு சொல்வதில் தராசு முள்ளைத் தோற்கடிப்பவளும், சிரித்தால் மட்டும் பயப்பட வேண்டியவளுமான செல்வமேரி அதை இயற்றித் தண்ணீர்க் கேனுக்கு மேலே ஒட்டியிருந்தாள். அதன் வாசகம் வருமாறு: "எவர் கைபட்டுச் சுவர்த்திரை சிவக்கிறதோ, அவர் பாதாளம் ஏகுக. அங்கே இருந்தவர், சிவக்க வைத்தவரின் நாற்காலிக்கு ஏறுக. மேல்முறையீடு இல்லை." விளையாட்டாக ஒட்டியதுதான். ஆனால் அலுவலகத்தில் விளையாட்டாக ஒட்டியதை எவன் மீறினான்.

சுவர்த்திரை ஏன் சிவக்கும் என்று கேட்பீர்கள். பைத்தான் மொழியில் எழுதும் ஒவ்வொரு ஃபங்ஷனின் தலையிலும் ஒரு விளக்கவுரை எழுதிவைப்பது மரபு. இன்னதைக் கொடுத்தால் இன்னது வரும் என்று அதில் ஓர் எடுத்துக்காட்டும் போட்டிருப்பார்கள். மனிதர் படிக்கப் போட்ட அந்த எடுத்துக்காட்டை, சோதகன் ஒருவன் (அவனும் மென்பொருள்தான், மீசை கிடையாது) எடுத்து மெய்யாகவே ஓட்டிப் பார்ப்பான்; டாக் டெஸ்ட் என்று அதற்குப் பெயர். எவர் எதை மாற்றி அனுப்பினாலும் அத்தனை எடுத்துக்காட்டும் மறுபடி ஓடும். எழுதியபடி விடை வந்தால் திரை பச்சை. ஓர் எழுத்து பிசகினாலும் சிவப்பு, சிவப்புக்குக் கீழே மாற்றி அனுப்பியவர் பெயர். ரம்ஜானுக்கு முந்தி ஒருநாள் நஜீமா தன் எடுத்துக்காட்டில் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டாள். அன்று பாதாளம் இறங்கியவள் பக்ரீத் போயும் எழவில்லை, ஆடி பிறந்தும் எழவில்லை, ஏனெனில் அவளுக்குப் பின் வேறு எவர் கைபட்டும் திரை சிவக்கவில்லை. இரவில் இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டு அவள் அம்மா கேட்பார், "கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னியே, மூட்டை தூக்கவா போறே?"

இனி எதிரியைப் பாடுவோம். வீரர்க்கு வீரம் சேர்ப்பது எதிரிதான். எடமலைப்பட்டி புதூர்க் கோமான், இழுத்து வாரிய தலையன், பிறர் வாங்கிய வாழைக்காய் பஜ்ஜியில் பெரியதைப் பார்வையாலேயே தேர்ந்தெடுக்கும் பிலோமின்ராஜ். சூரியனைக் கணிக்கும் கடுங்கணக்கெல்லாம் அவன் பொறுப்பு. கணக்கு விரைந்தோட வேண்டுமென்பதற்காக அவன் எழுதுவதைக் கம்பைல் செய்து, எந்திரம் நேரே விழுங்கும் மொழியாக்கி, கல்லில் கட்டிய கோட்டை போலப் பூட்டி வைப்பார்கள். அந்தக் கோட்டையிலிருந்து ஒரு நாளும் ஒரு சிவப்பும் வந்ததில்லை. ஆகவே கோபுரம் அவனுக்கு. "நம்ம கோட்ல ரெட் வந்ததா சரித்திரமே கிடையாதுங்க" என்று அவன் திண்டில் தலைசாய்த்து உரைப்பான். பொய்யன் அல்லன், மனதார நம்பித்தான் சொன்னான். நஜீமாவுக்கு வயிறு எரியும். பொறாமைதான், அதற்கு நல்ல பெயர் வைப்பானேன்.

இப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளை நெருங்க, தாடை மேசை விளிம்பைத் தொடும் பதத்துக்கு நாற்காலி இறங்கியிருந்த வேளையில், அச்சகத்தார் கேட்ட சந்தேகம் ஒன்றைத் தீர்க்க வேண்டி நஜீமா பிலோமின்ராஜின் கோட்டைக்குள் புகுந்து படித்தாள். வெளி ஃபங்ஷன்களைக் கடந்தாள். எந்திரம் மட்டுமே நடமாடும் உள்ளறை ஃபங்ஷன்களுக்குள் நுழைந்தாள். அங்கே, சூரிய உதயம் கணிக்கும் கருவறை போன்ற ஃபங்ஷனின் தலையில், பிலோமின்ராஜ் தன் திருக்கையால் எழுதிய எடுத்துக்காட்டு ஒளிர்ந்தது. ஊர் ஸ்ரீரங்கம். நாள் மார்கழி முதல் தேதி. விடை காலை 6:22. விடை சரி. நாள் சரி. ஊரிலேதான் சங்கதி.

ஓர் ஊரைக் கணினிக்குச் சொல்ல வேண்டுமானால் இரண்டு எண் சொல்ல வேண்டும். முதலில் அட்சரேகை, அடுத்துத் தீர்க்கரேகை. ஸ்ரீரங்கத்துக்குப் பத்துச் சொச்சம் முதலில், எழுபத்தெட்டுச் சொச்சம் அடுத்து. பிலோமின்ராஜ் எழுபத்தெட்டை முதலில் போட்டிருந்தான். அந்த இரண்டு எண்ணும் இடம் மாறியதில், காவிரியும் கொள்ளிடமும் கட்டியணைத்த தீவு கரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பி, இமயம் தாண்டி, சைபீரியா தாண்டி, வெண்கரடி நடக்கும் பனிக்கடல் ஓரத்தில் போய் நின்றுவிட்டது. அங்கே மார்கழி முழுக்க ராத்திரிதான். நஜீமா அந்த எடுத்துக்காட்டைத் தன் கணினியில் தனியே ஓட்டிப் பார்த்தாள். திரை மறுமொழி சொன்னது: உதயம் இல்லை.

"யா அல்லாஹ்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் சந்தேகம் வந்தது. இத்தனை பெரிய பிழை இத்தனை நாள் எப்படிச் சிவக்காமல் இருந்தது?

கம்பைல் செய்யும் கருவியின் கையேட்டைத் திறந்தாள், கண்டாள். உள்ளறை ஃபங்ஷன்களின் விளக்கவுரைகளைச் சோதகனிடம் காட்டுவதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. கருவியைச் செய்தவர்கள் அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள், அதுதான் டீஃபால்ட். நாமாகப் போட்டாலொழிய சோதகன் உள்ளறைக்குள் கால் வைப்பதில்லை. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர் பூட்டின வீட்டைக் கண்டு அடுத்த வீட்டுக்குப் போவாரே, அப்படிப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். பிலோமின்ராஜ் தோற்காதவன் அல்லன், போருக்கே போகாதவன். களத்தைப் பார்க்காத உடம்பில் தழும்பு எங்கிருந்து வரும்.

கோபுரம் அசைந்தது, நஜீமாவின் நெஞ்சு நிமிர்ந்தது, நாற்காலி மட்டும் இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது. சுவிட்சைப் போட்டால் திரை சிவக்கும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? எவர் கைபட்டுச் சிவக்கிறதோ அவர். ஆகவே போடும் கை அவளுடையதாக இருக்கக் கூடாது. பிலோமின்ராஜே தன் கையால், தன் கோட்டைக் கதவைத் தானே திறக்க வேண்டும். எடுத்துக்காட்டு தவறென்று இப்போதே சொன்னால் திருத்திவிட்டுப் போய்விடுவான். எனவே அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. நல்ல புத்திதான். நல்லவர்களுக்கும் வரும்.

பகல் தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, இஞ்சி டீ வந்திறங்கிய நேரத்தில் அவள் தூது நடத்தினாள்.

"பிலோமின் அண்ணா, உங்க மாட்யூல்ல உள் ஃபங்ஷனோட டாக் டெஸ்ட்டெல்லாம் ஓடவே இல்ல போலயே. ஒரு சுவிட்ச் இருக்கு, போட்டுடுங்களேன்."

பிலோமின்ராஜ் டீயை ஊதினான். ஊதியபின் உலகுக்குப் பொதுவான ஓர் அறத்தைப் பிரகடனம் செய்தான். "டீஃபால்ட்டா இருக்கறதத் தொடக் கூடாதும்மா. செஞ்சவன் யோசிக்காமலா வச்சிருப்பான்? ஓடுறத நோண்டினா ஓடாம போயிடும்."

இதுதான் டீஃபால்ட் மதம். இதற்குக் கோவில் இல்லை, குருமார் இல்லை; ஆனால் பக்தர் இல்லாத ஊர் இல்லை. புதுக் கைப்பேசியில் வாங்கின நாள் ஒலித்த மணியையே இன்றும் வைத்திருப்பவர், மிக்ஸியின் இரண்டாம் எண்ணைத் திருப்பியே பாராதவர், குளிர்சாதனப் பெட்டியின் குமிழ் எங்கே இருக்கிறதென்றே அறியாதவர் எல்லாம் அதன் அடியார்கள். எவனோ முகமறியாதவன் ஒருவன், எங்கோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு அவசரத்தில் அணைத்துவைத்த சுவிட்சை ஆண்டவன் கட்டளையாகத் தலைமேல் வைத்து நடப்பார்கள். பிலோமின்ராஜ் அம்மதத்தின் உபதேசியார்.

தூது தோற்றது. நஜீமா நேரே செல்வமேரியின் அறைக்கு நடந்தாள். பஞ்சாங்க அச்சகத்துக்கு அனுப்பும் பதிப்பு அன்று மாலையே போக வேண்டியிருந்தது. நேரம் அவளுக்கு அனுகூலமாக இருந்தது. உள்ளறைகள் சோதிக்கப்படாமல் கிடப்பதை மட்டும் சொன்னாள். செல்வமேரி கேட்டாள், நெற்றி சுருக்கினாள், வெளியே வந்து எல்லாரும் கேட்கச் சொன்னாள். "பிலோமின், அந்த சுவிட்ச நீங்களே ஆன் பண்ணி அனுப்பிடுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும். சோதிக்காத சரக்க நான் ஸ்ரீரங்கத்துக்கு அனுப்ப மாட்டேன்."

"சரிங்க மேடம்" என்றான் டீஃபால்ட் மதத்தான். இனி அவன் கை, அவன் பெயர், அவன் சிவப்பு. கோபுரத்தின் தலைத்திண்டில் தன் முக்காடு சாய்வதை நஜீமா மனக்கண்ணால் கண்டாள். பாதாளத்தில் போய் அமர்ந்து நெம்புகோலை இழுத்து உயர்ந்து காத்திருந்தாள்.

காத்திருப்பவரை அந்நாற்காலி விட்டுவைக்குமா? கூடுதலாகவே இறங்கிற்று. மேசை விளிம்பு மூக்குக்கு வந்தது. எதிர்மேசையில் பிலோமின்ராஜின் முகம் மறைந்தது, தோள் மறைந்தது. மேசைக்கு அடியில் அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்களையே அவள் ஒற்றர்களாகக் கொண்டாள். வலதுகால் ஆடிக்கொண்டிருந்தது. பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறான் என்று பொருள். ஆடிய கால் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு, நல்ல தாளத்தின் நடுவே, சட்டென்று நின்றது.

மனிதன் டீஃபால்ட் பக்தனே ஆயினும் மடையனல்லன். சுவிட்சைப் போடுமுன் தன் பழைய எடுத்துக்காட்டுகளை ஒருமுறை படித்துப் பார்த்திருக்கிறான். ஸ்ரீரங்கம் பனிக்கடலில் நிற்பதைப் பார்த்துவிட்டான். இரண்டு பாதங்களும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தரையில் அழுந்த ஊன்றின. விசைகள் படபடவென்று ஒலித்தன. திருத்துகிறான். எண்ணை இடம் மாற்றிவிட்டு, அதன்பின் சுவிட்சைப் போடுவான். திரை பச்சையாகவே நிற்கும். தோல்வியறியாத பிலோமின்ராஜ் என்ற பட்டம் இனிச் சோதித்து முத்திரையிட்ட பட்டமாகிவிடும். உண்மை அழிந்து போகும். அவள் மட்டுமே கண்ட அந்த மார்கழி ராத்திரியை எவருமே நம்பப் போவதில்லை.

ஒரு பக்கம் இடுப்பு; ஒரு பக்கம் மானம். கை வைத்தால் சட்டம் கடிக்கும். கை வைக்காவிட்டால் ஆயுசுக்கும் அந்த மனிதர் பஜ்ஜி தின்றுகொண்டே சரித்திரம் பேசுவார். சட்டம் சட்டம்தான், ஆனால் செல்வமேரி மேடத்துக்கும் கண் இருக்கிறதே, பிழை யாருடையது என்று திரையே சொல்லுமே, என்று அவள் மனத்துக்குள் ஒரு வழக்கறிஞர் எழுந்து வாதாடினார். அவருக்கு மறுப்புச் சொல்ல அங்கே யாரும் இல்லை. மேலும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டிருந்தது. கோபம் வந்தவளுக்கு எந்த இடுப்பு நினைவிருக்கும்.

எழுந்தாள் நஜீமா. எழுந்தாள் என்றால், நெம்புகோலை இழுத்து நாற்காலியோடு எழுந்தாள். முக்காட்டைத் தோளில் சுற்றிச் செருகினாள். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிப் பின் மூக்குக்கே இறக்கினாள். ஆனிரை கவர்ந்தவர் மேல் அம்பு தொடுத்த பண்டை மறவர் எத்தனை விரைந்தாரோ அத்தனை விரைந்து, அமைப்புக் கோப்பைத் திறந்து, இல்லை என்றிருந்த ஒரு சொல்லை அழித்து ஆம் என்ற ஒரு சொல்லைப் பொறித்து, பொறிக்கும்போதே நாற்காலி இறங்க, இறங்க இறங்கக் கைகளை மேலே மேலே உயர்த்தி, நீரில் மூழ்குபவர் கரையைத் தட்டித் தேடுவது போல விசைப்பலகையைத் தேடி, எதிர்மேசையில் பிலோமின்ராஜின் விரல்கள் கடைசி எண்ணைத் தட்டிக்கொண்டிருந்த அதே இமைப்பொழுதில், அனுப்பும் விசையை நடுவிரலால் ஓங்கிக் குத்தினாள். அவள் முந்தினாள்.

கம்பைல் ஓடத் தொடங்கியது. இருவரும் சுவர்த்திரையையே பார்த்திருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கீழே தையல் எந்திரம் கடகடத்தது. பிறகு சுவர் சிவந்தது.

அஃது ஒரு முனகல் சிவப்பன்று. மூலையில் ஒரு புள்ளியும் அன்று. கல்யாண வீட்டு ஜமுக்காளம் விரித்தாற்போல் சுவர் முழுக்கச் சிவப்பு. அதன் நடுவே, ஊர் அறிய, பெரிய எழுத்தில்: ஸ்ரீரங்கம், மார்கழி முதல் தேதி, எதிர்பார்த்த விடை காலை 6:22, வந்த விடை உதயம் இல்லை. அலுவலகமே எழுந்து வந்து படித்தது. படித்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர்களுக்குப் படித்தவர்கள் விளக்கினார்கள், பிறகு அவர்களும் சிரித்தார்கள்.

"ஏன் அண்ணா, ஸ்ரீரங்கத்தையே தூக்கி ஐஸ்ல கொண்டுபோய் வச்சிட்டீங்களே" என்றாள் நஜீமா. அவள் குரலில் அன்றுவரை இல்லாத ஒரு கம்பீரம் இருந்தது.

பிலோமின்ராஜ் வீரன், வீரனைப் போலவே தோற்றான். தலையில் ஒருமுறை கை வைத்துக்கொண்டான். "பார்த்தேன்மா. ஒரு செகண்ட்ல மிஸ் பண்ணிட்டேன்" என்று ஒப்புக்கொண்டு, கோபுரத்தின் திண்டில் தொங்கவிட்டிருந்த தன் துண்டையும், மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நாடு துறக்கும் மன்னனாக ஒதுங்கி நின்றான். நஜீமாவின் கண் கலங்கியது. அது பாதி வெற்றி, பாதி இடுப்பு வலி.

அப்போது செல்வமேரி வந்தாள். கூட்டம் வழிவிட்டது. திரையை மேலிருந்து கீழாகப் படித்தாள். ஊரைப் படித்தாள், விடையைப் படித்தாள், சிரித்தாள். சிரிப்பைக் கண்டு பழகியவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். சிவப்புக்குக் கீழே கடைசி வரியையும் அவள் படித்தாள்: மாற்றி அனுப்பியவர், நஜீமா.

"தப்பு அவரோடது மேடம்" என்றாள் நஜீமா. வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்த வாதம் அது ஒன்றுதான்.

"தெரியுதும்மா. நல்ல வேலை பண்ணீங்க, அந்த சுவிட்ச் இனிமே ஆன்லயே இருக்கட்டும். பிலோமின், அந்த நம்பர மாத்தி அனுப்பிடுங்க" என்ற செல்வமேரி, தண்ணீர்க் கேனுக்கு மேலே ஒட்டியிருந்ததைச் சுட்டினாள். "ஆனா யாரு தப்புன்னு அதுல இல்லயே. யாரு கைன்னுதானே இருக்கு."

அந்தோ, முகமறியாதவன் அணைத்துவைத்த சுவிட்சை முதன்முதல் போட்ட கையே, கோட்டைக் கதவைத் திறந்து பொய்ப்புகழைப் பொடித்த கையே, பனிக்கடலில் நின்ற தீவைக் காவிரிக்கு மீட்டுத்தந்த வளைக்கையே, உலகம் உன்னை வாழ்த்தும், வரலாறு உன்னை வணங்கும், வருங்காலச் சோதகர் உள்ளறைதோறும் உன் பெயர் சொல்லி விளக்கேற்றுவர் என்று விசும்பதிர முழங்க வாயெடுத்த நாம், பிலோமின்ராஜ் துண்டை மறுபடி திண்டில் போடுவதையும், செல்வமேரி சட்டப்படி நாற்காலியை மாற்றச் சொல்வதற்காகத் திரும்புவதையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டோம்.

நஜீமா ஏற்கெனவே அந்தப் பாதாள நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள், அதனால் எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை.